பில்லி ஜோயலின் 'தி ஸ்ட்ரேஞ்சர்': பாட்டு அவருடையது, ஆல்பம் யாருடையது?

தாளக்கட்டு எழுதியது:

தானே எழுதித் தானே பாடுபவர்களின் சிறந்த ஆல்பங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயலின் 'தி ஸ்ட்ரேஞ்சர்' (1977) அதில் வந்துவிடுகிறது. ஒன்பது பாட்டு. ஒன்பதுக்கும் வரி, மெட்டு இரண்டும் அவர்தான். அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் இந்த ஆல்பத்தின் பெருமை முழுவதையும் அவர் ஒருவர் கணக்கிலேயே வரவு வைப்பது நியாயமா என்பதுதான் கேள்வி.

அதற்கு முந்தைய நான்கு ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். 1971-ல் வந்த 'கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர்' வேகம் தப்பி அச்சாகி, அவர் குரலே கீச்சென்று ஒலித்தது. 'பியானோ மேன்' (1973), 'ஸ்ட்ரீட்லைஃப் செரினேட்' (1974) இரண்டும் லாஸ் ஏஞ்சலஸில், கூப்பிட்டால் வந்து வாசித்துவிட்டுப் போகும் ஸ்டூடியோக் கலைஞர்களை வைத்து எடுத்தவை. பிசகே இருக்காது. என் காதுக்கு உயிரும் இருக்காது. 'டர்ன்ஸ்டைல்ஸ்' (1976) முதலில் எல்டன் ஜானுக்கு வாசித்தவர்களை வைத்துத் தொடங்கியது. பிடிக்காமல் அதை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு, நியூயார்க் பக்கம் திரும்பி வந்து, தன்னோடு ஊர் ஊராக மேடையேறும் குழுவை வைத்துத் தானே தயாரித்தார். குழு சரி. பதிவில்தான் கனம் இல்லை.

அடுத்த ஆல்பத்துக்குத் தயாரிப்பாளர் தேடும்போது, பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே வருவதாக இருந்தது. அவர் போட்ட ஒரே நிபந்தனை, இந்தக் குழு வேண்டாம், ஸ்டூடியோக் கலைஞர்களை வைத்துக்கொள்வோம் என்பது. ஜோயலோ பீட்டில்ஸ் என்றால் உயிரை விடுபவர். இருந்தும் முடியாது என்று சொல்லிவிட்டார். பிறகு வந்தவர்தான் ஃபில் ரமோன். 1977 ஜூனில் கார்னகி ஹாலில் இவர்கள் வாசித்ததைப் பார்த்துவிட்டு, மேடையில் எப்படி வாசிக்கிறீர்களோ அப்படியே ஸ்டூடியோவிலும் வாசியுங்கள் என்றார்.

டிரம்ஸில் லிபர்ட்டி டெவிட்டோ, பேஸில் டக் ஸ்டெக்மேயர், சாக்ஸஃபோனில் ரிச்சி கனாட்டா. இவர்கள் மூவரும் ரமோனும் இல்லாமல், இதே ஒன்பது பாட்டும் 1974-ன் அந்த லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோவில் பதிவாகியிருந்தால் இன்று இதைப் பற்றி இழை திறந்திருப்போமா? என் பதில் இல்லை என்பதுதான். உங்கள் பதிலைச் சொல்லுங்கள்.


வெள்ளைக்கட்டை எழுதியது:

திறந்திருப்போம். பியானோ வாசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். 'வியன்னா'வையோ 'ஷீஸ் ஆல்வேஸ் எ வுமன்' பாட்டையோ ஒரு பியானோவும் ஒரு குரலும் மட்டும் வைத்துக் கொண்டு வாசித்தால் அந்தப் பாட்டில் எதுவும் குறைவதில்லை. டிரம்ஸை மட்டும் தனியாக வாசித்துக் காட்டி இது 'வியன்னா' என்று உங்களால் சொல்ல முடியுமா? பாட்டு எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சோதனை இல்லை.

ரமோன் பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கைக்கு வந்தது ஏற்கெனவே பிரமாதமான பாட்டு.


கேசட்காரன் எழுதியது:

எல்லோரும் பெரிய பெரிய விஷயமாகப் பேசுகிறீர்கள். 'ஜஸ்ட் த வே யூ ஆர்' இந்த ஆல்பத்தில்தானே இருக்கிறது? ஹோட்டல் லாபியில் காபி ஆறும்வரை ஓடும் பாட்டு. அதை வைத்துக்கொண்டு ராக் ஆல்பம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?


தாளக்கட்டு எழுதியது:

கேசட்காரன் அண்ணே, உங்களுக்கு முன்பே அந்தக் குழு இதைச் சொல்லிவிட்டது. லிபர்ட்டிக்கு அந்தப் பாட்டே ஆகாது. ராக் வாசிக்க வந்தவனை மதுக்கடை மெல்லிசைக்கு வாசிக்கச் சொல்கிறார்களே என்ற எரிச்சல். ஜோயலுக்கும் அதை ஆல்பத்தில் சேர்ப்பதா என்று சந்தேகம். அந்தச் சமயம் லிண்டா ரான்ஸ்டாட்டும் ஃபீபி ஸ்னோவும் ஸ்டூடியோ பக்கம் வந்திருந்தார்கள். பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். இதை வைக்காமல் விட்டால் பைத்தியக்காரத்தனம் என்கிற மாதிரி இருவரும் சொன்ன பிறகுதான் பாட்டு தப்பித்தது.

இப்போது அதன் தாளத்தை மட்டும் கவனியுங்கள். வழக்கமான மெதுவான ராக் தாளமாக இருந்திருந்தால் நீங்கள் சொல்கிற லாபிப் பாட்டாகவே முடிந்திருக்கும். ரமோன் அங்கே ஒரு பிரேசிலியச் சாயலைக் கொண்டுவந்தார். அது அவருக்குப் புதிதும் இல்லை. ஸ்டான் கெட்ஸும் ஜோவாவ் ஜில்பெர்டோவும் சேர்ந்து செய்த போஸா நோவா ஆல்பத்துக்கு ஒலிப்பதிவாளர் இதே ரமோன்தான், அதற்குக் கிராமியும் வாங்கியவர். லிபர்ட்டி அந்தத் தாளத்தைக் கொஞ்சம் முரட்டுக் கையோடு வாசிக்கிறார். விருப்பமில்லாத டிரம்மர் வாசித்த மென்மை. அதனால்தான் வழிந்து ஓடாமல் நிற்கிறது என்பது என் ஊகம்.

அடியில் ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோ. அதற்கும் பின்னால் மூட்டம் போட்ட மாதிரி ஒரு 'ஆ' என்ற குரல் கூட்டம் கேட்கும். கோரஸ் பாடகர்கள் இல்லை, எல்லாம் ஜோயலின் குரலே. 10சிசி குழு 'ஐம் நாட் இன் லவ்' பாட்டில் செய்த மாதிரி, ஒரே குரலைப் பலமுறை பதிந்து டேப்பில் சுற்றவிட்டது. நடுவே வரும் ஆல்டோ சாக்ஸ், ஜாஸ் உலகத்தின் ஃபில் வுட்ஸ் வாசித்தது. ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள், காபிக்குக் காசு நான் கொடுக்கிறேன்.


கேசட்காரன் எழுதியது:

கேட்டேன். சாக்ஸ் அருமை. பாட்டு இன்னும் லாபியிலேதான் இருக்கிறது.


ரீல்ஸ்வாசி எழுதியது:

நான் உங்கள் யாரையும்விட ரொம்பச் சின்னவன். எனக்கு இந்த ஆல்பத்தில் முதலில் தெரிந்தது 'வியன்னா' மட்டும்தான். என் வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான். கல்லூரி முடித்து வேலை தேடும் ஆட்கள் எல்லோரும் அதை வைத்து வீடியோ போடுவார்கள். ஆனால் வியன்னா ஊருக்கும் அந்தப் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் சொன்னதில்லை. அங்கே பிறந்தவரா இவர்?


பழையரெக்கார்டு எழுதியது:

இல்லை தம்பி. ஜோயல் பிறந்தது நியூயார்க்கின் பிராங்க்ஸில், 1949-ல். வளர்ந்தது லாங் ஐலண்டில் ஹிக்ஸ்வில். வியன்னாவில் இருந்தவர் அவருடைய அப்பா.

அந்தக் குடும்பத்தின் கதை பெரியது. தாத்தா கார்ல் ஜோயல் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் தபால் வழித் துணி வியாபாரம் செய்து நன்றாக இருந்தவர். யூதர் என்பதால் நாஜிகள் காலத்தில், 1938-ல், அந்த வியாபாரம் அடிமாட்டு விலைக்கு யோசெஃப் நெக்கர்மன் என்பவர் கைக்குப் போனது. குடும்பம் தப்பி கியூபா வழியாக அமெரிக்கா வந்து சேர்ந்தது. மகன் ஹோவர்ட்தான் பில்லியின் அப்பா. அவரும் நன்றாகப் பியானோ வாசிப்பவர். அமெரிக்கா அவருக்கு ஒட்டவில்லை. பில்லி சிறுவனாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்தார்கள், அப்பா ஐரோப்பாவுக்கே திரும்பிப் போய்விட்டார். பிறகு நெடுங்காலம் தொடர்பே இல்லை.

எழுபதுகளில்தான் பில்லி அவரைத் தேடிக் கண்டுபிடித்து வியன்னா போனார். அங்கே அவருக்கு ஒரு தம்பியும் இருந்தான், அப்பாவின் இரண்டாவது குடும்பத்தில் பிறந்த அலெக்ஸாண்டர். பிற்பாடு அவர் இசைக்குழு நடத்துநர் ஆனார். அந்த ஊரில் ஒரு கிழவி தெருக் கூட்டுவதைப் பார்த்து, இந்த வயதில் இவர்களை இப்படி வேலை வாங்குகிறார்களே என்று பில்லி வருத்தப்பட, அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது, தன்னால் ஊருக்கு ஆகிறது என்ற நினைப்பு இருக்கிறது என்று அப்பா சொன்னாராம். அமெரிக்காவில் வயதானவர்களை ஒதுக்கிவைக்கிற வழக்கத்தோடு ஒப்பிட்டு யோசித்ததில் வந்தது அந்தப் பாட்டு. முதுமை வரும், அது ஒன்றும் பயப்படுகிற விஷயமில்லை, அதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று ஓடாதே என்பதுதான் விஷயம். இருபத்தெட்டு வயதுக்காரர் எழுதியது.

இதில் வேடிக்கை, 1977-ல் அந்தப் பாட்டைத் தனி சிங்கிளாகக்கூட வெளியிடவில்லை. 'ஜஸ்ட் த வே யூ ஆர்' இசைத்தட்டின் மறுபக்கத்தில் போட்டு அனுப்பினார்கள். இன்றைக்கு உங்கள் வயதுக்காரர்கள் முன்பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்கிறீர்கள்.


ரீல்ஸ்வாசி எழுதியது:

அப்பாவைத் தேடிப் போன கதை என்று தெரிந்து கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. நன்றி சார். வேலை கிடைக்காதவன் பாட்டு என்று இத்தனை நாளாக ஓட்டிக்கொண்டிருந்தோம். அதுவும் பொருந்தத்தான் செய்கிறது.


வெள்ளைக்கட்டை எழுதியது:

தாளக்கட்டு, இதற்கு என்ன சொல்கிறீர்கள்? அப்பா அவருடையவர், ஊர் அவர் பார்த்தது, பியானோ அவர் கை. இதில் குழுவுக்கு எங்கே பங்கு?


தாளக்கட்டு எழுதியது:

'வியன்னா'வில் குழு செய்த பெரிய காரியம் அடங்கி இருந்ததுதான். லிபர்ட்டி எவ்வளவு ஓங்கி அடிக்கிறவர் என்று அடுத்தடுத்த பாட்டுகளில் தெரியும். இதில் இருக்கும் இடமே தெரியாமல் போகிறார். பாட்டின் நடுவில் பழைய ஐரோப்பிய மதுக்கூடம் மாதிரி ஒரு அக்கார்டியன் வருகிறதே, அது டொமினிக் கார்ட்டேசி வாசித்தது. ஊர்ப் பெயரைத் தவிர அந்த ஊரைப் பற்றிப் பாட்டில் ஒரு வர்ணனை கிடையாது. ஊரைக் கொண்டுவருவது அந்த அக்கார்டியன்தான். தயாரிப்பாளர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

சரி, இதை ஜோயல் பாட்டு என்றே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'சீன்ஸ் ஃப்ரம் அன் இட்டாலியன் ரெஸ்டாரண்ட்'? ஏழரை நிமிடத்துக்கு மேல் ஓடும் அது உண்மையில் மூன்று பாட்டு. உணவகத்தில் இரண்டு பழைய நண்பர்கள் சந்திப்பது ஒன்று, ஆய்ஸ்டர் பே ஊரைப் பற்றிய துண்டு ஒன்று, பிரெண்டா-எட்டி கதை ஒன்று. பீட்டில்ஸ் 'ஆபி ரோட்' இரண்டாம் பக்கத்தில் அரைகுறைப் பாட்டுகளைக் கோத்து எடுத்ததைப் பார்த்து இவரும் கோத்தார். அந்த மூன்றையும் ஒட்டுவது எது? மெதுவாகத் தொடங்குகிற உணவகப் பகுதி முடியும்போது கனாட்டாவின் சாக்ஸ் உள்ளே வருகிறது, அதன் முதுகில் ஏறித்தான் வேகம் மாறுகிறது. அப்புறம் பழங்காலத்து நியூ ஆர்லியன்ஸ் பாணியில் கிளாரினெட் போடும் ஆட்டம். அதற்குப் பிறகு பியானோ மட்டும் தனியாக ஓடி ஓடி, குழு முழுவதும் சேர்ந்து இறங்கும் இடத்தில் பிரெண்டாவும் எட்டியும் வந்துவிடுகிறார்கள். இந்தத் திருப்பங்களைத் தாளில் எழுதிக் கொடுத்து மூன்று மணி நேரத்துக்கு வந்தவர்களை வைத்து எடுக்க முடியாது. மேடையில் வாசித்து வாசித்துப் பழகிய கைகள் வேண்டும்.

இது என் கற்பனை இல்லை. ஆல்பம் பதிவாவதற்கு முன்பே, கார்னகி ஹால் கச்சேரியில் இந்தப் பாட்டை முழுதாக வாசித்திருக்கிறார்கள். ஸ்டூடியோவுக்குள் நுழையும்போது பாட்டு அவர்கள் கையில் ஊறியிருந்தது.


பழையரெக்கார்டு எழுதியது:

பிரெண்டா-எட்டி கதையை நீங்கள் இருவருமே வெறும் இசையாகவே பேசுகிறீர்கள். பள்ளிக்கூடத்தில் ராஜா ராணி மாதிரி இருந்த ஜோடி. எல்லோரும் வேண்டாம் என்று சொல்லியும் 1975 கோடையில் கல்யாணம். சியர்ஸ் கடையில் வாங்கிய இரண்டு படம், பஞ்சு மாதிரி தரைவிரிப்பு, இரண்டு வருடம் சேர்த்த காசில் ஒரு தண்ணீர்மெத்தை. அப்புறம் காசு இறுக்கம், சண்டை, விவாகரத்து. விவாகரத்தை அவர் ஒரு வரியில் தாண்டிப் போகிறார், படத்துக்கும் மெத்தைக்கும்தான் நேரம் ஒதுக்குகிறார். இதையெல்லாம் டிரம்மர் எழுதித் தரவில்லை.


எதிர்ப்பாட்டு எழுதியது:

தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும். கொஞ்சம் வருடத்தைப் பாருங்கள். 'தி ஸ்ட்ரேஞ்சர்' வந்தது 1977 செப்டம்பர் கடைசியில். அதே மாதம், அதே நியூயார்க்கில், டாக்கிங் ஹெட்ஸின் முதல் ஆல்பம் வருகிறது. அடுத்த மாதம் லண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸ். சிபிஜிபி கிளப்பில் ராமோன்ஸ் இரண்டு நிமிடத்துக்கு ஒரு பாட்டு முடித்துக்கொண்டிருக்கிறார்கள். ராக் இசை தலைகீழாகிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் அக்கார்டியன் வைத்துக்கொண்டு உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறார். விற்றது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதை ராக் என்று சேர்ப்பது வெறும் மரியாதைக்கு.


பழையரெக்கார்டு எழுதியது:

ராமோன்ஸுக்கும் ஃபில் ரமோனுக்கும் சம்பந்தமில்லை என்று புதியவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

எதிர்ப்பாட்டு, 1977-78 என்றால் நீங்கள் இந்த பங்க் ராக் குழுக்களை மட்டும் பார்க்கிறீர்கள். அமெரிக்கக் கடைகளில் அப்போது ஓடியது டிஸ்கோ. 'தி ஸ்ட்ரேஞ்சர்' ஆறு வாரம் இரண்டாவது இடத்தில் நின்றது, முதலிடத்துக்குப் போகவே இல்லை. மேலே உட்கார்ந்திருந்தது 'சாட்டர்டே நைட் ஃபீவர்', அது 24 வாரம் முதலிடத்தை விட்டு நகரவில்லை. அப்படி இருந்தும் சைமன்-கார்ஃபங்கல் ஜோடியின் 'பிரிட்ஜ் ஓவர் டிரபுள்ட் வாட்டர்' சாதனையைத் தாண்டி, கொலம்பியா கம்பெனியின் அதுவரையிலான அதிகம் விற்ற ஆல்பம் இதுதான் என்று ஆனது. 1979 கிராமியில் 'ஜஸ்ட் த வே யூ ஆர்' இரண்டு பெரிய விருதும் வாங்கியது, சிறந்த பதிவு, சிறந்த பாட்டு.

கலகம் வேண்டுமென்றால் 'ஒன்லி த குட் டை யங்' இருக்கிறதே. கத்தோலிக்கப் பெண்ணிடம் ஒரு பையன், பாவம் புண்ணியம் பார்த்து வயதை வீணாக்காதே என்று வழிகிற பாட்டு. நியூ ஜெர்சியில் சீட்டன் ஹால் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் வானொலி அதைத் தடை செய்தது. தடை வந்த பிறகு பாட்டு சூடு பிடித்துவிட்டது. விற்பனைக்குத் தடையைவிட நல்ல விளம்பரம் இல்லை என்று ஜோயலே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். உங்கள் பங்க் ஆட்கள் பிரிட்டன் ராணியைத் திட்டித் தடை வாங்கினார்கள், இவர் பாதிரியாரிடம் வாங்கினார்.


தாளக்கட்டு எழுதியது:

அந்தப் பாட்டையே என் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். ஜோயல் அதை முதலில் எழுதியது ஜமைக்கா நாட்டு ரெகே தாளத்தில். லிபர்ட்டிக்கு ரெகே என்றாலே வெறுப்பு. நீ ஜமைக்காவையே பார்த்ததில்லை, ரயில் மாறுகிற ஜமைக்கா ஸ்டேஷனைத்தான் பார்த்திருக்கிறாய் என்கிற பொருளில் கத்திவிட்டு குச்சியை எறிந்தார் என்று அந்தக் குழு இன்றும் கதை சொல்லும். லாங் ஐலண்ட் ரயில்கள் பெரும்பாலும் அந்த ஸ்டேஷன் வழியாகத்தான் போகும். அப்புறம்தான் அது இன்று கேட்கிற குதிரைப் பாய்ச்சல் தாளத்துக்கு மாறியது. ரெகேயில் அந்தப் பாட்டை நினைத்துப் பாருங்கள். தடை செய்யக்கூட யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.


மாடிப்படி எழுதியது:

இசை பற்றி உங்கள் அளவுக்கு எனக்குத் தெரியாது. காப்புரிமைப் பக்கம் வேலை செய்கிறவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். யாருடைய ஆல்பம் என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது, அது உங்கள் இருவருக்குமே பிடிக்காது.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று. ஸ்டூடியோவில் பதிவான ஒலி இன்னொன்று. முதல் சொத்து எழுதியவருக்கும் அவர் பதிப்பாளருக்கும். யார் எங்கே அந்தப் பாட்டைப் பாடினாலும் அதிலிருந்து பணம் வரும். பாரி வைட் 'ஜஸ்ட் த வே யூ ஆர்' பாடினாரே, அதிலும் வரும். இரண்டாவது சொத்து பெரும்பாலும் கம்பெனிக்கு. அதில் பாடகருக்கு ஒப்பந்தப்படி ஒரு பங்கு. டிரம்மருக்கு? அவர் பாடகரோடு என்ன பேசிக்கொண்டாரோ அதுதான். தாளத்தை ரெகேயிலிருந்து மாற்றியது, சாக்ஸால் மூன்று பாட்டை ஒட்டியது, இதெல்லாம் முதல் சொத்தின் கணக்கில் வராது. பாட்டின் மேல் பெயர் ஏறாது.

இது வெறும் பேச்சும் இல்லை. 2009-ல் லிபர்ட்டி டெவிட்டோ, தான் வாசித்த ஆல்பங்களின் விற்பனையிலிருந்து வரவேண்டிய ராயல்டி சரியாக வரவில்லை என்று ஜோயல் மீது வழக்குப் போட்டார். அடுத்த வருடம் வெளியே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், வேகம் தப்பிய அந்த முதல் ஆல்பத்தை வெளியிட்ட ஆர்ட்டி ரிப்புக்கு, ஜோயல் கொலம்பியாவுக்குப் போன பிறகும் பல வருடம் ஒவ்வொரு ஆல்பத்திலிருந்தும் பங்கு போய்க்கொண்டிருந்தது. 'தி ஸ்ட்ரேஞ்சர்' உட்பட. அதில் ஒரு சுரம்கூட வாசிக்காத மனிதர். ஆனால் கையில் தாள் இருந்தது.


வெள்ளைக்கட்டை எழுதியது:

மாடிப்படி அக்கா சொன்னதில் ரிப் விஷயம் வயிற்றெரிச்சல். ஆனால் எழுதியவருக்கும் வாசித்தவருக்கும் நடுவே சட்டம் போட்ட கோடு எனக்கு நியாயமாகவே படுகிறது. நல்ல யோசனை சொல்வது வேறு, பாட்டை இல்லாத இடத்திலிருந்து கொண்டுவருவது வேறு.

உதாரணத்துக்கு 'மூவின் அவுட்'. ஜோயல் ஒரு மெட்டோடு வந்து பாடிக் காட்டினார். அது நீல் செடாக்காவின் 'லாஃப்டர் இன் த ரெயின்' மெட்டாச்சே என்று லிபர்ட்டி கண்டுபிடித்துவிட்டார். சரி, அவர் காது கூர்மை, சொல்லாமல் விட்டிருந்தால் மானம் போயிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய் அதே வரிகளுக்குப் புதிய மெட்டு போட்டு வந்தவர் யார்? மளிகைக் கடையில் காசு சேர்க்கும் அந்தோணி, பகலில் போலீஸும் இரவில் மதுக்கடை வேலையுமாக ஷெவி காரைக் கொடுத்து கேடிலாக் கார் வாங்கத் துடிக்கும் சார்ஜென்ட் ஓலேரி, இவர்களை உருவாக்கியவர் யார்? அந்தப் பாட்டு முடிவில் ஒரு கார் கிளம்பிப் போகும் சத்தம் வரும், அது டக் ஸ்டெக்மேயரின் சொந்த கார்வெட். அருமையான யோசனை, இல்லை என்று சொல்லவில்லை. அதற்காகக் காருக்கும் ராயல்டி கொடுப்பதா?


தாளக்கட்டு எழுதியது:

காருக்கு வேண்டாம். டக்குக்குக் கொடுத்திருக்கலாம். 1995-ல் இறந்துபோனார். லிபர்ட்டியைக் கழற்றிவிட்டது அதற்குப் பத்து வருடம் கழித்து. 2014-ல் லாங் ஐலண்ட் இசை மன்றம் இந்தக் குழுவைத் தனியாக அழைத்துக் கௌரவித்தது. ஆல்பங்களில் அவர்களுக்கென்று ஒரு குழுப் பெயர் இல்லை. எல்லா உறையிலும் 'பில்லி ஜோயல்' என்று மட்டும்தான்.

உறையைப் பற்றிப் பேசினால், அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தையும் பாருங்கள். கோட்டு போட்டுக்கொண்டு வெறுங்காலோடு கட்டிலில் உட்கார்ந்து தலையணை மேல் கிடக்கும் முகமூடியைப் பார்க்கிறார். சுவரில் குத்துச்சண்டைக் கையுறை. நல்ல படம்தான். குழுவைப் பின்பக்கம் அனுப்பிவிட்டார்கள்.


கேசட்காரன் எழுதியது:

நீங்கள் இருவரும் இரவு முழுக்க அடித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே சந்தேகம். முதல் ஏழு பாட்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். 'கெட் இட் ரைட் த ஃபர்ஸ்ட் டைம்', 'எவ்ரிபடி ஹேஸ் எ ட்ரீம்' என்று கடைசியில் இரண்டு இருக்கிறதே, அதை யாராவது முழுதாகக் கேட்டிருக்கிறீர்களா? இடம் நிரப்ப வைத்த மாதிரி இருக்கிறது.


வெள்ளைக்கட்டை எழுதியது:

இதில் கேசட்காரன் கட்சி. முன்னதை வைக்காமல் விட்டிருந்தாலும் எனக்கு நஷ்டமில்லை.


தாளக்கட்டு எழுதியது:

பியானோக்காரருக்கு நஷ்டமில்லைதான். 'கெட் இட் ரைட்' பாட்டில் பேஸும் டிரம்ஸும் பேசிக்கொள்வதைக் கேளுங்கள். பாட்டாகப் பார்த்தால் சுமார், வாசிப்பாகப் பார்த்தால் ஆல்பத்தில் முதல் மூன்றுக்குள் வைப்பேன். 'எவ்ரிபடி ஹேஸ் எ ட்ரீம்' தேவாலயப் பாணி. ரிச்சர்ட் டீ ஆர்கன் வாசிக்கிறார், பின்னணியில் ஃபீபி ஸ்னோ, பாட்டி ஆஸ்டின், க்வென் கத்ரி. அந்தக் குரல்களுக்காகவே கேட்கலாம். பாட்டு ஓய்ந்த பிறகும் நிறுத்திவிடாதீர்கள். தலைப்புப் பாட்டின் பியானோவும் விசிலும் அங்கே திரும்ப வரும்.

அந்த விசில் வந்த கதையும் இந்த விவாதத்துக்குப் பொருத்தம். தலைப்புப் பாட்டின் தொடக்கத்துக்கு ஒரு மெட்டு வைத்திருந்தார் ஜோயல். எந்த வாத்தியத்தில் வாசிப்பது என்று தெரியவில்லை. மெட்டு இதுதான், எதை வைக்கலாம் சொல்லுங்கள் என்று ரமோனிடம் விசிலடித்துக் காட்டினார். வேறெதற்கு வாத்தியம், இதுவேதான் என்றுவிட்டார் ரமோன்.


வெள்ளைக்கட்டை எழுதியது:

அதாவது மெட்டும் ஜோயல், விசிலும் ஜோயல். நன்றி.


தாளக்கட்டு எழுதியது:

அதை வைக்கலாம் என்று சொன்னவர் ரமோன். இல்லையென்றால் அங்கே ஒரு கிளாரினெட்டோ புல்லாங்குழலோ வந்து உட்கார்ந்திருக்கும், யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.


எதிர்ப்பாட்டு எழுதியது:

நான் இன்னும் இது ராக் இல்லை என்ற கட்சிதான். ஆனால் தலைப்புப் பாட்டில் விசில் ஓய்ந்ததும் கிடார் உள்ளே விழும் அந்த ஒரு நொடிக்கு விலக்கு தருகிறேன். முழு ஆல்பமும் அந்தப் பாட்டு மாதிரி இருந்திருந்தால் இங்கே வாயைத் திறந்திருக்க மாட்டேன்.


ரீல்ஸ்வாசி எழுதியது:

இவ்வளவு படித்த பிறகு முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேட்கப் போகிறேன். எந்தப் பதிப்பைக் கேட்பது? ஆப்பில் இரண்டு மூன்று காட்டுகிறது. தாளக்கட்டு சார் சொன்ன கார்னகி ஹால் கச்சேரி கிடைக்குமா?


தாளக்கட்டு எழுதியது:

கிடைக்கும் தம்பி. 2008-ல் முப்பதாம் ஆண்டுப் பதிப்பு என்று ஒன்று வந்தது, அதில் அந்தக் கச்சேரி தனி வட்டாகவே இருக்கிறது. முதலில் சாதாரண ஆல்பத்தைக் கேளுங்கள், 42 நிமிடம்தான். பாட்டை மாற்றிப் போடாமல் வரிசையாக. அப்புறம் கச்சேரியில் 'சீன்ஸ்' பாட்டையும் 'ஜஸ்ட் த வே யூ ஆர்' பாட்டையும் மட்டும் தனியாகப் போட்டு ஸ்டூடியோப் பதிவோடு ஒப்பிடுங்கள். ஸ்டூடியோவில் சாக்ஸ் ஃபில் வுட்ஸ், மேடையில் ரிச்சி கனாட்டா. யார் வாசித்தது பிடித்தது என்று இங்கேயே வந்து எழுதுங்கள், கேசட்காரன் லாபி என்று ஆரம்பிப்பதற்குள்.


கேசட்காரன் எழுதியது:

படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.